பனியின் அடுக்குகளும் பனிச்சரிவும்

முன்பனி, பின்பனி எனப் பருவம் பகுத்த தமிழில், 'பனி' என்னும் சொல் பெரும்பாலும் இரவில் இறங்கும் நீர்த்துளியையும் குளிரையுமே குறித்து வந்துள்ளது. வெண்துகளாகப் பொழிவதையும் இன்று அதே சொல்லால் சுட்டுகிறோம். வகுப்பறையில் இது பெரிய இடையூறன்று. ஆனால் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தமிழில் விளக்க முற்படும்போது, எந்தப் பனி எதன்மேல் கிடக்கிறது என்பதே உயிர்போகும் வினாவாகி விடுகிறது.

மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. மேகமற்ற குளிரிரவில் பனிப்பரப்பு வெப்பத்தை இழக்க, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் இறகு போன்ற படிகங்களாக உறைகிறது. நம் மார்கழிப் பனித்துளியின் உறைந்த வடிவம் என்றே இதனைக் கூறலாம். பார்வைக்கு அழகியதுதான், ஆயின் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், சிலவேளை வாரக்கணக்கில், வலுவற்ற அடுக்காக உள்ளே நிலைத்திருக்கும். மெல்லிய பனிப்போர்வையின் அடியில் மேலெழும் நீராவி, சர்க்கரை மணிகள் போன்ற ஒட்டாத படிகங்களை உண்டாக்குவதும் உண்டு. ஜெர்மன் மொழியினர் இதனை 'நீந்தும் பனி' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். கலைச்சொல் ஆக்குவோர் கருதத்தக்க பெயர் இது.

காற்று கொணர்ந்து இறுக்கிய பனிப்பலகை இத்தகைய அடுக்கின்மேல் அமர்ந்திருக்க, 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவர் சறுக்கிச் செல்கிறார் எனக் கொள்வோம். அவர் எடையால் வலுவற்ற அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. அம்முறிவு நொடிப்பொழுதில் பக்கவாட்டில் பரவ, பலகை முழுவதும் பெயர்ந்து வழுகுகிறது. இவ்வாறு இறப்போரில் பெரும்பாலோரை வீழ்த்துவது அவரோ அவர்தம் குழுவினரோ தூண்டிய சரிவே. ஆதலின் 'இயற்கைச் சீற்றம்' என்னும் செய்தித்தாள் தொடர் இங்குப் பொருந்தாது.

ஐரோப்பிய நாடுகள் 1993-இல் ஐந்து நிலை அளவுகோலை ஏற்றன. மூன்றாம் நிலை நடுவில் இருப்பதால் அதனை 'நடுத்தரம்' என மொழிபெயர்க்கத் தோன்றும். அது பெரும்பிழை. நடுத்தரம் என்பது இரண்டாம் நிலைக்குரியது. மூன்றாவது 'கணிசமான ஆபத்து'. அந்நிலையில் தனியொருவர் எடையே சரிவைத் தூண்டப் போதும். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி, மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாள்களிலேயே நேர்கின்றன.

புதையுண்டவரை 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. மீட்புக் குழுவினர் அதற்குள் வந்து சேர்வது அரிதாதலால், உடன்சென்றோர் கையிலுள்ள சைகைக் கருவியும் துழாவுகோலும் மண்வாரியுமே அவ்வேளையில் துணை.