கத்னாவுக்கு முன் ஒரு குருதிச் சோதனை

சிறு காயத்துக்கே குருதி நில்லாமல் ஆண்கள் மாண்ட ஒரு கிராமத்தைக் குர்துபா மருத்துவர் அஸ்ஸஹ்ராவி (இறப்பு 1013) பதிவு செய்துள்ளார். அந்நோயை இன்று ஹீமோபீலியா என்கிறோம். எட்டாம் அல்லது ஒன்பதாம் உறைகாரணிப் புரதம் குறைவதே அதன் காரணம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ கத்னாவுக்கு நாள் குறிப்போர், தாய்மாமன்மாருக்குக் குருதி நில்லாத வரலாறு உண்டா என முதலில் வினவ வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அவ்வரலாறே இராது என்பதையும் நாம் மறக்கலாகாது.

சிற்றூர்ச் சோதனைக்கூடங்கள் தரும் 'பி.டி., சி.டி.' சீட்டை நம்பி அமைவது தகாது. முன்னது ஹீமோபீலியாவில் இயல்பாகவே இருக்கும். பின்னது கடுமையான குறைபாட்டில்தான் நீளும். வேண்டுவது 'ஏ.பி.டி.டி.' சோதனை. அதில் உறையும் நேரம் நீண்டால், நலமுள்ளோரின் பிளாஸ்மாவைச் சமஅளவு கலந்து பார்ப்பர். நேரம் சீரானால் காரணிக் குறைபாடு எனக் கொள்ளலாம். பின்னர்க் காரணியின் அளவைக் கணிப்பர்; 1 விழுக்காட்டுக்குக் கீழ் எனில் கடுமையானது. மிதமான குறைபாடு ஏ.பி.டி.டி.யிலும் தப்பிவிடுமாதலின், குடும்ப வரலாறு உள்ளோர் காரணி அளவையே நேரே கேட்பது நன்று.

சிட்ரேட் ஒரு பங்குக்குக் குருதி ஒன்பது பங்கு இருத்தல் வேண்டும். 4 மணி நேரத்துக்குள் சோதித்தலும் வேண்டும். எனவே தொலைவூருக்குக் குருதியை அனுப்புவதினும் குழந்தையை அழைத்துச் செல்வதே மேல். குறைபாடு உறுதியானாலும், உறைகாரணி செலுத்தி மருத்துவமனையில் கத்னா செய்ய வழியுண்டு.