சட்டம் தந்த ஒரு சதவீதம்: வகுப்பறையில் தொடங்கும் சுயசார்பு

புது தில்லி: அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர் ஒருவர், ஆசிரியரின் துணையின்றிப் பத்து நிமிடம் அமர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிப்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பள்ளிப் பருவம் முடிந்த பின்னர் அவர் வேலைக்குச் செல்வாரா, வீட்டிலேயே முடங்குவாரா என்பதற்கான விடை அந்தப் பத்து நிமிடங்களில்தான் உருவாகிறது.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீத இடஒதுக்கீடு அளித்தபோது, அறிவுசார் குறைபாடு உடையோருக்கு அதில் இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. அதில் ஒரு சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோருக்கெனப் பொதுவாக வைக்கப்பட்டுள்ளது.

காத்திருக்கும் பழக்கம்

கதவைச் சட்டம் திறந்துவிட்டது. நுழையும் திறனை வகுப்பறைதான் தர வேண்டும். இம்மாணவர்களில் பலருக்கு வேலை தெரியாமல் இல்லை. ஒவ்வொரு படியிலும் "அடுத்தது செய்" என்ற சொல்லுக்குக் காத்திருக்கப் பழகிவிடுவதே சிக்கல்.

இதற்குத் தீர்வாக, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென உருவான முறை பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்பதை எப்படி அறிவது, அடுத்து என்ன ஆகிய நான்கு கேள்விகளுக்கும் மேசையே விடை சொல்லும். இடப்புறம் வேலைத் தட்டுகள். வலப்புறம் முடித்தவற்றை வைக்கும் பெட்டி. வரிசையைக் காட்டப் பட அட்டைகள். ஏற்கெனவே கற்றுத் தேர்ந்த வேலை மட்டுமே இங்கு வைக்கப்படும். கைபிடித்துக் காட்டும் ஆசிரியர், பின்னர் சைகையோடு நிறுத்திக்கொண்டு, படிப்படியாக விலகிவிடுவார்.

ஆசிரியர் எங்கே?

விலகி நிற்பதற்கும் ஆசிரியர் வேண்டும். ஒவ்வொரு மாணவரையும் கவனித்து, உதவியை எப்போது குறைப்பது என்று முடிவு செய்வது பயிற்சி பெற்றவரால் மட்டுமே இயலும். தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் தேவை என்ற விகிதத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

இலவசக் கல்விக்கான உரிமை 18 வயதோடு முடிகிறது. அதற்குள் இத்திறன் வாய்க்காவிட்டால், ஒரு சதவீத ஒதுக்கீடு பலருக்கும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.