ஒளிமானியும் பிலிமின் எண்ணும்

ஒளிமானிக்குப் பிலிமைப் பற்றி எதுவும் தெரியாது. வெளிச்சம் ஒன்றையே அது அறியும். வெஸ்டன் நிறுவனம் 1932இல் சந்தைக்குக் கொண்டுவந்த மானியில் செலினியத் தகடு இருந்தது. வெளிச்சம் பட்டதும் அதில் சிறு மின்னோட்டம் பிறந்து ஊசியை நகர்த்தும்; பற்றரி வேண்டியதில்லை. ஊசி காட்டுவதைத் துவாரமாகவும் ஷட்டர் வேகமாகவும் மாற்ற, பிலிமின் வேக எண்ணை நாம்தான் வட்டில் வைக்க வேண்டும்.

அந்த எண் பிறப்பது பிலிம் ஆய்வுகூடத்தில். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நிழல் மெல்லத் தெரியத் தொடங்க எவ்வளவு ஒளி வேண்டும் என்று பார்த்து வேகத்தைக் கணிப்பார்கள். ஸ்லைட் பிலிமுக்கு நடுத்தர அடர்த்திகளே அளவுகோல். மானியைத் திருத்துவது வேறு இடத்தில், ஒளிர்வு தெரிந்த திரைக்கு முன்னால். பரவலாகக் கைக்கொள்ளும் ஒரு மாறிலியின்படி, சதுர மீட்டருக்கு 3200 கன்டெலா ஒளிரும் திரையை நோக்கிப் பிடித்தால், ஐஎஸ்ஓ 100க்கு எப்/16, 1/100 விநாடி என்று மானி சொல்ல வேண்டும்.

பழைய மானி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வெஸ்டனின் சொந்த அளவில் 80 என்றால், அமெரிக்கத் தரமான ஏஎஸ்ஏவில் 100. 1960இல் அந்தத் தரம் மாறியபோது, கறுப்பு வெள்ளை நெகட்டிவ் எண்கள் இரட்டித்தன. டிரை-எக்ஸ் பிலிமின் எண் 200இலிருந்து 400 ஆனது. மாறியது பிலிம் அல்ல. அதுவரை சேர்த்து வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் குறைத்தார்கள். ஸ்லைட் பிலிம்களின் எண்களில் இந்தத் தாவல் இல்லை.

திருகோணமலையில் இது ஏட்டுக் கணக்காக நிற்பதில்லை. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பல் என்றே மானி எடுத்துக்கொள்ளும். நிலாவெளியின் வெண்மணலைக் காட்டினால், படத்தில் மணல் மங்கிவிடும். ஒன்றரை ஸ்டாப் அளவுக்குத் துவாரத்தைத் திறக்க வேண்டும். கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையின் நிழல் விழுந்த பாறையைக் காட்டினால் நேர்மாறு. நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைட் பொறுக்காது, அலைநுரை வெளிறினால் பிறகு மீட்க வழியில்லை.

அதே மலையடிக் கடலில்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடி, பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். நீருக்கடியில் படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. முதல் சில மீட்டர்களிலேயே சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை நீர் விழுங்கிவிடும். மீந்த நீலத்தையும் வெளிச்சம் என்றே மானி எண்ணும். ஊசி நன்றாகவே எழும். துவாரத்தை எவ்வளவு திறந்தாலும் கலர் பிலிமில் சிவப்பு திரும்பாது. பொருளுக்கு மிக அருகே பிளாஷ் அடிக்க வேண்டும்.