லேசரில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

லேசர் கட்டர் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்? எத்தனை எம்எம் வரை வெட்டும்?" என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இந்தப் பொருள் எரிந்தால் என்ன புகை வரும்? வாட் பத்தவில்லை என்றால் இரண்டு தடவை ஓட்டிக்கொள்ளலாம். புகை தப்பானதாக இருந்தால் மெஷினும் கெடும், நெஞ்சும் கெடும்.

ஒளியைப் பற்றி கொஞ்சம். கடைகளில் அதிகம் பார்க்கிற மெஷின் கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கிய வகை. அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். மரம், காகிதம், துணி, தோல், அக்ரிலிக் எல்லாம் அதை நன்றாக உறிஞ்சும். பளபளப்பான உலோகம் திருப்பி அனுப்பிவிடும். மேஜைமேல் வைக்கிற சின்ன டயோடு லேசர் நீல ஒளி, 450 நானோமீட்டர் பக்கம். நிறமில்லாத அக்ரிலிக்கில் அது ஜன்னல் கண்ணாடியில் வெயில் நுழைகிற மாதிரி போய்விடும். கறுப்பு அக்ரிலிக்கை வெட்டும். "அதே அக்ரிலிக்தானே, இது மட்டும் ஏன் வெட்டலை?" என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

கார்பன் டை ஆக்சைடு லேசருக்கென்றே பிறந்தது அக்ரிலிக். சூடானதும் மூலக்கூறுச் சங்கிலி அவிழ்ந்து ஆவியாகிவிடும், கரி மிஞ்சாது, விளிம்பு மெருகேற்றின மாதிரி நிற்கும். வாங்கும்போது காஸ்ட் ஷீட்டா, எக்ஸ்ட்ரூடட் ஷீட்டா என்று கேட்டுவிடுங்கள். எழுத்துப் பொறித்தால் காஸ்டில் பனி படர்ந்த வெள்ளையாகத் தெரியும். மற்றதில் எடுப்பாகத் தெரியாது. அக்ரிலிக் மாதிரியே இருக்கிற பாலிகார்பனேட் வேறு சாதி. மஞ்சளாகும், கருகும், தீயும் பிடிக்கும்.

பிளைவுட்டில் மரத்தைவிடப் பசைதான் பிரச்சினை. தண்ணீருக்குத் தாங்கும் மரைன் பிளையில் இருக்கிற பீனாலிக் பசை லேசருக்கும் லேசில் வழிவிடாது. மெல்லிய சாதாரண பிளை போதும். எம்டிஎஃப் சீராக வெட்டுப்படும், ஆனால் அதன் பசைப் புகையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் வேண்டாம்.

தோல் என்றால் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்டது நல்லது. குரோம் பதனிட்டதை நான் தவிர்க்கிறேன். ஆனால் கடையில் "லெதர்" என்று கொடுப்பதில் பாதி தோலே இல்லை, ரெக்சின். உண்மையான வில்லன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்: பிவிசி.

பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். லேசர் பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மெஷினுக்குள் தண்டவாளம், பேரிங், லென்ஸ் என்று எல்லாவற்றையும் அரிக்கும். எக்ஸாஸ்ட் இருக்கிறதே என்பார்கள். அந்தக் குழாய் வழியாகப் போவது பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு! சிக்கல் என்னவென்றால், இது பிவிசி என்ற பெயரில் நம்மிடம் வருவதே இல்லை. ரெக்சின், பிளக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், வெள்ளை ஃபோம் ஷீட் என்று வேறு வேறு பெயரில் வரும்.

கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. 1872-இல் பைல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் சொன்னது. ஒரு செம்புக் கம்பியைக் குறடால் பிடித்து, கேஸ் தீயில் பச்சை நிறம் சுத்தமாக மறையும்வரை காய்ச்சுங்கள். சூட்டோடு அந்தப் பொருளில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சை எழுந்தால் குளோரின் இருக்கிறது, மெஷினுக்குள் விடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், நகக்கண் அளவு துண்டில் செய்தால் போதும். கரண்ட் ஒயரை உரித்துக் கம்பி எடுக்கிறவர்கள் கவனிக்க: அதன் மேலுறையே பெரும்பாலும் பிவிசிதான். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பச்சை காட்டும்.

பச்சை வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது. ஆனால் பிசுபிசுவென்று உருகும், புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரக்கூடும். அதனால் ஷீட் வாங்கின அன்றைக்கே அதன் பெயரை மார்க்கரால் மூலையில் எழுதிவிடுவேன். வெட்டின மிச்சத்திலும் எழுதுவேன். பெயர் இல்லாத துண்டு என் மெஷினுக்குள் போகாது.