தேர்வு முறையைக் கொண்டுவந்த கட்சிக்காரர்

1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அமெரிக்க அதிபரான பின் வேரூன்றி, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டு அரசு அலுவலகங்களை ஆட்டிப்படைத்த நியமன முறையில், தேர்தலில் வென்ற கட்சி, அஞ்சலகத் தலைவர் முதல் சாதாரண எழுத்தர் வரையிலான பதவிகளைத் தன் ஆதரவாளர்களுக்கே பங்கிட்டளித்தது. ஆட்சி மாறினால் ஆட்களும் மாறினர். இந்தச் சன்மானம் இலவசமும் அன்று. பதவி பெற்றவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும். கட்டத் தவறியவரின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பங்கை ஈட்டிய நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகம் இம்முறையின் கோட்டையாக விளங்கியது. 1871 முதல் அதன் தலைவராக இருந்த செஸ்டர் ஆர்தரை, அங்கு தேவைக்கு மிஞ்சிய கட்சிக்காரர்கள் சம்பளம் வாங்குவதாக விசாரணையில் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 1878இல் அதிபர் ஹேய்ஸ் பதவியிலிருந்து நீக்கினார். எனினும் 1881இல் துணை அதிபரான ஆர்தர், அவ்வாண்டிலேயே அதிபராகவும் நேர்ந்தது. தேர்தலில் உழைத்ததற்குக் கைம்மாறாகப் பாரிஸ் தூதரகப் பதவி தனக்குக் கிடைக்கும் என நம்பி ஏமாந்த சார்லஸ் கிட்டோ, ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்தார்.

விசுவாச நியமனத்தில் வளர்ந்த அதே ஆர்தர்தான், 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். பணிக்கு உண்மையில் தேவைப்படும் திறனைச் சோதிக்கும் பொதுப் போட்டித் தேர்வு, அதை மேற்பார்வையிட மூவர் ஆணையம், கட்சிக்குப் பணம் தராததற்காகப் பணிநீக்கம் செய்யத் தடை ஆகியவை அதன் சாரம். தொடக்கத்தில் மத்திய அரசுப் பணியிடங்களில் ஏறத்தாழ 10 சதவீதமே இதற்குள் வந்தன. மற்றவற்றைச் சேர்க்கும் அதிகாரம் அதிபரிடம் விடப்பட்டது.

படுகொலை எழுப்பிய மக்கள் சினம் மட்டுமே இச்சட்டத்தைப் பெற்றுத் தந்தது என்று கொள்வது வரலாற்றைச் சற்று அழகுபடுத்துவதாகும். 1882 தேர்தலில் தோற்ற குடியரசுக் கட்சியினர், தாம் அமர்த்திய ஆட்களை அடுத்து வருபவர்களிடமிருந்து காப்பாற்ற இதில் வழி கண்டனர். பதவி விலகும் தறுவாயில் அதிபர்கள் சட்டத்தின் வரம்பை விரித்தபோதெல்லாம், தேர்வே எழுதாத கட்சிக்காரர்கள் நிரந்தர ஊழியராயினர்; அவர்கள் ஓய்வு பெற்றுக் காலியான இடங்களுக்கே தேர்வெழுதியோர் வந்தனர். திறமை ஆட்சிபீடம் ஏறியது, விசுவாசத்தின் தோளில் நின்றபடிதான்.

ஊழியர் சம்பளத்திலிருந்து வந்த பணம் மெல்ல வற்றவே, கட்சிகள் பெருநிறுவனங்களை நாடின. 1896இல் வில்லியம் மெக்கின்லியின் தேர்தலுக்கு நிதி திரட்டிய மார்க் ஹன்னா, முன்பு எழுத்தர்களின் சம்பளத்தில் விதிக்கப்பட்ட அதே பாணியில், வங்கிகளின் மூலதனத்துக்கு ஏற்பத் தொகை நிர்ணயித்து வசூலித்தார்.