வளரும் எலும்பைக் காப்போம்!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. ஒழுக்கத்தைப் பற்றிக் கூறப்பட்ட இம்மொழி, நம் எலும்புக்கும் நன்கு பொருந்துவதாகும். முதியோர் எலும்பு காய்ந்த விறகு போல் முறியும். சிறுவர் எலும்போ பச்சை வேப்பங்குச்சி போல் ஒரு புறம் விரிந்து மறு புறம் வளைந்து நிற்பதுண்டு. இதனை மருத்துவர்கள் 'பச்சைக்குச்சி முறிவு' என்றே அழைக்கின்றனர்.

சென்ற ஆண்டு, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை அடுத்த மேலூர்ச் சாலையில் என் மாமா மகன் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான். அவனுக்கு வயது 13. முழங்கால் வீங்கியது. "சுளுக்குத்தான், எண்ணெய் தேய்த்து நீவினால் போய்விடும்" என்றார் எங்கள் அம்மாச்சி. அவ்வாறே நீவினார்கள். அவன் இரவெல்லாம் அழுதான். மறுநாள் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அது சுளுக்கு அன்று. எலும்பின் வளர்ச்சித் தட்டு விலகியிருந்தது!

வளர்ச்சித் தட்டு என்றால் என்ன? நீண்ட எலும்புகளின் முனையருகே உள்ள குருத்தெலும்புப் படலமே அது. அங்கேதான் புதிய எலும்பு உண்டாகி நாம் உயரமாகிறோம். காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலின் மேலும் கீழும் உள்ள தட்டுகளிலேயே நிகழ்கிறது. பெண்களுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும், ஆண்களுக்கு 16, 17 வயதிலும் இத்தட்டுகள் எலும்பாக மாறி மூடிக்கொள்கின்றன. அதுவரை, மூட்டைப் பிணைக்கும் நார்களைவிடத் தட்டே வலிமை குறைந்தது. ஆகையால் பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, நமக்கு முறிவாகிவிடக்கூடும். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எனவே சில வேளைகளில் நல்ல காலையும் படமெடுத்து மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

கனடா நாட்டு மருத்துவர்களான சால்ட்டர், ஹாரிஸ் இருவரும் 1963-இல் இம்முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தனர். முதலிரு வகைகள் பெரும்பாலும் எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டாலே குணமாகும். மூட்டின் உட்புறம் வரை பிளந்த முறிவு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். அதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கவனியாது விட்டால் ஒரு கால் குட்டையாகலாம், அல்லது வளைந்துவிடலாம்.

புனித இஞ்ஞாசியாரின் வரலாறு நாம் அறிந்ததே. 1521-இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்ததால் அதை மீண்டும் முறித்துப் பொருத்தினார்கள். ஆயினும் அவர் வாழ்நாள் முழுதும் சற்று நொண்டியே நடந்தார். அன்று எக்ஸ்ரே இல்லை. ராண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895-இல்தான். இன்று எல்லா வசதியும் இருந்தும் நாம் காலந்தாழ்த்தலாமா?

முழங்காலினுள் பிறைநிலா வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உள்ளன. இவற்றின் வெளிவிளிம்பில் மட்டுமே இரத்தம் நன்கு ஓடுவதால், உட்புறக் கிழிசல் எளிதில் ஆறாது. எனவே இளம்வயதினருக்கு அவற்றை வெட்டியெடுக்காமல், இயன்றவரை தைத்துக் காப்பாற்றவே மருத்துவர்கள் முயல்கின்றனர்.

புத்தூர்க் கட்டின் புகழை நம் பெற்றோர் அறிவர். பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் சிம்பும் கொண்டு கட்டுவது பழைய முறை. ஆனால் படம் பார்க்காமல் இழுப்பதும், இறுகக் கட்டுவதும் ஆபத்து. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் காலையே இழக்க நேரிடும்.

ஆகவே, தோழியரே! கோ-கோ ஆடும்போதோ கபடி ஆடும்போதோ ஒருத்தி விழுந்து, காலூன்ற முடியாவிட்டால் அவளை நடக்க வைக்காதீர்கள். நீவாதீர்கள். அட்டையோ மரச்சட்டமோ வைத்துக் கால் அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். விரல்கள் குளிர்ந்தாலோ நீலம் பாரித்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. 108-ஐ அழையுங்கள். நம் மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறதே!

மாமா மகன் இப்போது நன்றாக நடக்கிறான். ஆயினும் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை இரு கால்களையும் அளந்து பார்க்கிறார்கள். இதுவரை சமமாகவே உள்ளன. அளக்கும் நாளில் எங்கள் அம்மாச்சி காலையிலிருந்தே சாப்பிடுவதில்லை. "அன்றைக்கே கூட்டிப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொல்வார். அச்சொல்லை நம் வீட்டுப் பெரியோர் எவரும் சொல்லும்படி நேராதிருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி