பின்வாங்குப் பிள்ளைக்கு ஓர் அக்கா

தரம் மூன்றுக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையைப் பற்றி ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: "அவனுக்குப் படிப்பு ஏறாது." எட்டு வயதில் கிடைக்கும் இந்தத் தீர்ப்பு பல பிள்ளைகளைக் கொழும்புக் கடை வேலைக்குத்தான் அனுப்புகிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கிறானா? அதட்டுமுன், தூரத்து எழுத்து அவனுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். காது வடியும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வதில் பாதி கேட்காது. மேசையில் தலை சாய்ப்பவனுக்கு இரத்தச்சோகையோ குடற்புழுவோ இருக்கலாம். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்திருக்கலாம்.

2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 32 வீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை; நாடு முழுவதும் 17 வீதம். பரம்பரைக் குட்டை என்று நாம் தட்டிக்கழிக்கும் அதே ஊட்டக்குறைவு படிப்பையும் பாதிக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தேயிலையால் பிழைக்கும் நமக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். கண் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டு புத்தகப்பைக்குள்ளேயே கிடந்தால் பயனில்லை.

அதன்பின் ஓர் ஆள்

அம்மா மலைக்குப் போயிருப்பார், அல்லது மத்திய கிழக்கில் இருப்பார். பாட்டிக்குக் கொப்பி பார்க்கத் தெரியாது. ஆனால் பிள்ளை பற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை ஆய்வாளர் எமி வேர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் நெருக்கிய பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தனர். பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, நம்பிக்கையாகப் பற்றிக்கொள்ள ஒருவர் அவர்களுக்கு இருந்தார்.

நம் லயங்களில் அப்படி ஒருவர் உண்டு: உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அக்கா. கிழமைக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். டியூஷன் வேண்டாம். முதலில் பாடப்புத்தகத்தையே திறக்க வேண்டாம். அட்டை கடித்த கதையையோ நாய்க்குட்டி தொலைந்த கதையையோ பிள்ளை சொல்லட்டும்; அக்கா அதை அப்படியே எழுத, பிள்ளை விரல் வைத்து வாசிக்கட்டும். சொந்தப் பேச்சு என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவனுக்கே தெரியும். பயம் பாதியாகக் குறையும்.

எங்கே சறுக்கும்?

பாதியில் விட்டுப்போவதில்தான். அமெரிக்காவில் இப்படி மூத்தவர் ஒருவரின் துணை பெற்ற வளரிளம் வயதினரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்குள் முறிந்த துணையால் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தே போனது. அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிற அக்கா தொடங்காமலிருப்பதே நல்லது. ஒரு வருடம் நிற்க முடிந்தவர் வரட்டும். போக நேர்ந்தால், புதியவரோடு சில நாள் சேர்ந்திருந்து ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

பாடசாலை விறாந்தை, கோயில் மண்டபம் போன்ற திறந்த இடத்தில், அதிபருக்கும் வீட்டாருக்கும் தெரிய உட்காருங்கள். பூட்டிய காம்பரா கூடவே கூடாது. யாரோ பிள்ளையைத் துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி எண்ணான 1929க்கு அழையுங்கள். மாதக்கணக்கில் முயன்றும் எழுத்து பிடிபடாவிட்டால் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். பிரம்பை எடுக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.